பெயர் வேண்டாம், முகவரி போதும்

குடிக்கிற ஒருவர் இருக்கும் வீட்டில் இரண்டு ஆசைகள் எப்போதும் சேர்ந்தே இருக்கும். ஒன்று, இந்த விஷயம் வெளியே யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது. இன்னொன்று, யாராவது வந்து இதை நிறுத்த உதவ மாட்டார்களா என்பது. இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். யாருக்கும் தெரியாமல் இருந்தால் உதவி எப்படி வரும்? உதவி கேட்டுவிட்டால் யாருக்கும் தெரியாமல் எப்படி இருக்கும்? இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டிவிடுகிற குடும்பங்கள் எல்லா ஊரிலும் உண்டு.

இந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்த ஒரு அமைப்பின் வரலாறுதான் இந்தக் கட்டுரை. அமைப்பின் பெயர் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். சுருக்கமாக ஏஏ. 'பெயர் சொல்லாத குடிநோயாளிகள்' என்று தமிழில் சொல்லலாம். ஏஏ என்றதும் பலருக்கு அதன் பன்னிரண்டு படிகள்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் முதல் படியில் கால் வைப்பதற்கு முன்னால் வேறொரு கேள்வி இருக்கிறது. உறுப்பினர்களின் பெயரை மறைத்து வைக்கிற ஒரு சங்கத்தை, அதைத் தேடி வருகிற புது ஆள் எப்படிக் கண்டுபிடிப்பார்? பெயரை வெளியிட்டால் உள்ளே இருப்பவர்கள் ஓடிவிடுவார்கள். முகவரியையும் மறைத்தால் வெளியே இருப்பவர்கள் வரவே மாட்டார்கள். ஏஏ-வின் முதல் இருபது வருட வரலாற்றை இந்த ஒரு கேள்வியை வைத்தே படித்துவிடலாம்.

முன்னால் போனவர்கள்

குடிப்பவர்கள் ஒன்றுகூடித் தங்களுக்குத் தாங்களே உதவிக்கொள்வது ஏஏ-வுக்கு முன்பே நடந்திருக்கிறது. 1840 ஏப்ரலில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், சேஸ் என்பவரின் மதுக்கடையில் வழக்கமாகக் குடிக்கும் ஆறு பேர் சேர்ந்து இனிமேல் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்தார்கள். வாஷிங்டன் சங்கம் என்று பெயர் வைத்தார்கள். அவர்களுடைய முறை புதுமையானது. பாதிரியார் பிரசங்கம் கிடையாது. குடித்தவனே மேடை ஏறித் தன் கதையைச் சொல்வான். சங்கம் காட்டுத்தீ மாதிரிப் பரவியது. 1842 பிப்ரவரி 22 அன்று ஸ்பிரிங்ஃபீல்டில் இந்தச் சங்கத்தின் கூட்டத்தில் பேசியவர்களில் ஒருவர் ஆபிரகாம் லிங்கன். அப்போது அவர் ஒரு இளம் வக்கீல்.

ஆனால் பத்து வருடங்கள்கூட முடியவில்லை, சங்கம் பெரும்பாலும் காணாமல் போய்விட்டது. காரணங்கள் பல. மதுவிலக்குச் சட்டம் வேண்டுமா வேண்டாமா என்ற அரசியல் சண்டைக்குள் இழுக்கப்பட்டது. குடிக்காதவர்களும் கூட்டத்தில் நிறைந்தார்கள். இன்னொரு பெரிய பலவீனம், சங்கம் பிரபலமான மேடைப் பேச்சாளர்களை நம்பி இருந்தது. அவர்களில் நட்சத்திரம் ஜான் கஃப். அவருடைய பேச்சைக் கேட்க ஊர் ஊராகக் கூட்டம் கூடும். 1845-ல் நியூயார்க்கில் அவர் மறுபடி குடித்துவிட்டுக் கண்டுபிடிக்கப்பட்டார். பத்திரிகைகள் விடுமா? ஒரு மனிதர் சறுக்கினால் அந்த மனிதரோடு போக வேண்டிய விஷயம், அவர் பெயரும் முகமும் இயக்கத்தின் பெயரும் முகமுமாக ஆகிவிட்டதால், மொத்த இயக்கத்துக்கும் கேலியாக முடிந்தது.

நூறு வருடம் கழித்து ஏஏ-காரர்கள் தங்கள் விதிகளை எழுதியபோது இந்தச் சங்கத்தின் கதையையும் படித்திருந்தார்கள்.

ஒரு ஓட்டல் வரவேற்பறை, 1935

பில் வில்சன் 1895-ல் வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்தவர். வேலை, பங்குச்சந்தை. கம்பெனிகளை நேரில் போய்ப் பார்த்து ஆராய்ந்து பங்கு வாங்கலாமா வேண்டாமா என்று சொல்வது இன்று சாதாரணம். 1925-லேயே மனைவி லோயிஸுடன் மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகச் சுற்றி இதைச் செய்தவர் அவர். நல்ல வருமானம் வந்தது. குடியும் கூடவே வளர்ந்தது. 1929-ல் சந்தை சரிந்தது, அவரும் சரிந்தார். 1933, 34 வருடங்களில் நியூயார்க்கின் டவுன்ஸ் மருத்துவமனையில் திரும்பத் திரும்பச் சேர்க்கப்பட்டார்.

1934 நவம்பரில் எபி தாட்சர் என்ற பழைய குடித்தோழர் வீட்டுக்கு வந்தார். வில்சன் கிளாஸை நீட்ட, அவர் வேண்டாம் என்றார்! ஆக்ஸ்ஃபோர்டு குரூப் என்ற கிறிஸ்தவ இயக்கத்தில் சேர்ந்து குடியை விட்டிருந்தார். டிசம்பரில் வில்சன் கடைசி முறையாக டவுன்ஸ் மருத்துவமனைக்குப் போனார். அதன் பிறகு அவர் குடிக்கவே இல்லை. வெளியே வந்ததும் கண்ணில் பட்ட குடிகாரர்களையெல்லாம் திருத்தக் கிளம்பினார். ஐந்து மாதம் பேசினார், ஒருவரும் திருந்தவில்லை.

1935 மே மாதம் ஒஹையோ மாநிலம் ஏக்ரன் நகருக்கு வேலை விஷயமாகப் போனார். நேஷனல் ரப்பர் மெஷினரி என்ற கம்பெனியின் நிர்வாகத்தைக் கைப்பற்ற, பங்குதாரர்களின் வாக்குரிமையைத் திரட்டும் போட்டி. அதில் அவர் தரப்பு தோற்றது. கூட வந்தவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். வார இறுதி, தெரியாத ஊர், பையில் சுமார் பத்து டாலர். மேஃப்ளவர் ஓட்டலின் வரவேற்பறையில் தனியாக நின்றார். ஒரு பக்கம் பாரிலிருந்து சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் தொலைபேசி, அருகில் ஊரிலுள்ள தேவாலயங்களின் பட்டியல்.

அப்போது அவருக்கு ஒரு விஷயம் புரிந்தது. இந்த ஐந்து மாதத்தில் தன் பேச்சைக் கேட்டு யாரும் குடியை விடவில்லைதான். ஆனால் பேசிய தான் குடிக்கவில்லையே! ஆக, தான் பிழைக்க வேண்டுமானால் இன்னொரு குடிகாரர் தேவை. அவருக்காக இல்லை, தனக்காக.

பட்டியலிலிருந்து வால்டர் டங்ஸ் என்ற பாதிரியாரை அழைத்தார். அவர் சிலருடைய பெயர்களைக் கொடுத்தார். ஒவ்வொருவராக வில்சன் அழைத்தார். முன்பின் தெரியாத ஒருவர் சனிக்கிழமை தொலைபேசியில் கூப்பிட்டு, "இந்த ஊரில் குடியால் கஷ்டப்படுகிறவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், நான் அவரைப் பார்க்க வேண்டும்" என்று கேட்டால் கேட்பவருக்கு எப்படி இருக்கும்? கடைசியில் ஹென்ரியெட்டா ஸைபர்லிங் என்ற பெண்மணியின் தொடர்பு கிடைத்தது. அவர் சங்கடப்படவில்லை. குட்இயர் டயர் கம்பெனியை நிறுவியவரின் மருமகள் அவர். அவருக்குத் தெரிந்த ஒரு டாக்டர் இருந்தார்.

குடிநோயாளிகளின் உதவிக் குழுவைத் தேடி ஒருவர் செய்த முதல் அழைப்பு என்று இதைச் சொல்லலாம். வேடிக்கை என்னவென்றால், அப்போது அப்படி ஒரு குழுவே இல்லை.

பதினைந்து நிமிடம்

அந்த டாக்டர் பாப் ஸ்மித். அறுவை சிகிச்சை நிபுணர். ஹென்ரியெட்டா அழைத்தபோது அவரால் வர முடியவில்லை. மறுநாள் அன்னையர் தினம் என்பதால் மனைவி ஆனுக்கு ஒரு பூந்தொட்டி வாங்கி வந்திருந்தார். தொட்டி மேஜை மேல் இருந்தது, டாக்டர் போதையில் விழுந்து கிடந்தார்.

மறுநாள் 1935 மே 12, ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு வந்தார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. மனைவியிடம் முன்கூட்டியே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். பதினைந்து நிமிடம், அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட இருக்க மாட்டேன். அறிவுரை கேட்டுக் கேட்டுப் புளித்துப் போனவர் அவர். ஆக்ஸ்ஃபோர்டு குரூப் கூட்டங்களுக்கு இரண்டு வருடத்துக்கும் மேலாகப் போய்க்கொண்டே குடித்துக்கொண்டும் இருந்தவர்.

ஆனால் வில்சன் அறிவுரையே சொல்லவில்லை. தன் கதையை மட்டும் சொன்னார். எப்படி ஒளித்து வைத்தேன், யாரிடமெல்லாம் பொய் சொன்னேன், எத்தனை முறை சத்தியம் செய்து உடைத்தேன்... டாக்டர் வீட்டுக்குக் கிளம்பும்போது இரவு பதினொரு மணி தாண்டியிருந்தது. குடியைப் பற்றி அதுவரை தன்னிடம் பேசியவர்களில், அதை அனுபவித்துத் தெரிந்துகொண்டு பேசிய முதல் ஆள் வில்சன்தான் என்று பின்னாளில் அவர் எழுதினார்.

டாக்டர் ஒரு முறை சறுக்கினார். பிறகு கடைசியாகக் குடித்த நாளாக 1935 ஜூன் 10 கணக்கிடப்படுகிறது. ஏஏ-வின் பிறந்த நாளும் அதுதான். ஒரு சங்கத்தின் பிறந்த நாள் என்றால் பதிவு செய்த நாளாக இருக்கும், முதல் கூட்டம் நடந்த நாளாக இருக்கும். ஒருவர் குடியை நிறுத்திய நாளைப் பிறந்த நாளாகக் கொண்டாடுவது இங்கேதான். அதே மாதம் இருவரும் ஏக்ரன் சிட்டி மருத்துவமனைக்குப் போய் மூன்றாவது ஆளைப் பிடித்தார்கள். அவர் ஒரு வக்கீல்.

வாசல் தெரியாத கூட்டங்கள்

1935 முதல் 1939 வரை கூட்டங்கள் நடந்தன. ஆனால் வெளியாள் யாரும் அவற்றைக் கண்டுபிடிக்க முடியாது. ஏக்ரனில் புதன்கிழமை இரவுகளில் டி. ஹென்றி வில்லியம்ஸ் என்பவர் வீட்டில் கூடினார்கள். அது பெயரளவில் ஆக்ஸ்ஃபோர்டு குரூப் கூட்டம்தான். நியூயார்க்கில் செவ்வாய்க்கிழமை, புரூக்ளின் கிளின்டன் தெரு 182-ஆம் எண், வில்சன் வீட்டில். ஏக்ரனில் புதிதாக ஒருவர் நேரே கூட்டத்துக்கு வந்துவிடவும் முடியாது. முதலில் மருத்துவமனையில் படுக்க வேண்டும். உறுப்பினர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து பார்ப்பார்கள். ஆள் உண்மையாகவே விட நினைக்கிறாரா என்று தெரிந்த பிறகுதான் கூட்டம்.

1937-ல் இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். இரண்டு ஊரிலும் சேர்த்துக் குடிக்காமல் இருப்பவர்கள் சுமார் நாற்பது பேர். சந்தோஷமான கணக்குதான். ஆனால் இரண்டு வருடத்துக்கு நாற்பது பேர் என்றால், தெரியாத ஊர்களில் இருக்கும் லட்சக்கணக்கானவர்களுக்கு இது எப்போது போய்ச் சேரும்?

வில்சனின் பங்குச்சந்தை மூளை வேலை செய்தது. மருத்துவமனைச் சங்கிலி, சம்பளத்துக்குப் பிரசாரகர்கள் என்று பெரிய திட்டங்கள் போட்டார். ராக்ஃபெல்லரிடம் பணம் கேட்டார்கள். 1938-ல் அவர் கொடுத்தது 5,000 டாலர் மட்டும். பணம் அதிகமானால் இந்த வேலையே கெட்டுப்போகும் என்பது அவர் எண்ணம். அன்றைக்கு ஏமாற்றமாக இருந்தது, பின்னாளில் அதுவே கொள்கை ஆனது. வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது இன்றும் ஏஏ-வின் விதி.

மிஞ்சியது ஒரே ஒரு திட்டம். ஒரு புத்தகம் போடுவது.

தபால் பெட்டி எண் 658

புத்தகம் போட ஒர்க்ஸ் பப்ளிஷிங் என்று ஒரு கம்பெனி தொடங்கி, பங்கு ஒன்று 25 டாலர் என்று உறுப்பினர்களிடமும் நண்பர்களிடமும் விற்றார்கள். குடியை விட்டுச் சில மாதங்களே ஆன, வேலையில்லாத ஆட்களிடம் பங்கு விற்பதை எந்த வணிகவியல் பாடப் புத்தகமும் சிபாரிசு செய்யாது! 1939 ஏப்ரலில் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' வெளிவந்தது. அமைப்புக்குப் பெயர் வந்ததே இந்தப் புத்தகத்திலிருந்துதான். விலை மூன்றரை டாலர். கொடுத்த காசுக்குப் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று தடிமனான தாளில் அச்சிட்டதால் 'பெரிய புத்தகம்' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

புத்தகம் விற்கவில்லை. அதே மாதம் வில்சன் தம்பதி கடனுக்கு வீட்டை இழந்து தெருவுக்கு வந்தார்கள். அடுத்த இரண்டு வருடம் நண்பர்கள் வீடுகளில் மாறி மாறித் தங்கினார்கள்.

ஆனால் அந்தப் புத்தகத்தில் ஒரு சின்ன விஷயம் இருந்தது. எழுதியவர் பெயர் இல்லை, உறுப்பினர்கள் யார் பெயரும் இல்லை. ஒரு முகவரி மட்டும் இருந்தது. நியூயார்க், சர்ச் தெரு துணைத் தபால் நிலையம், பெட்டி எண் 658.

கட்டுரையின் ஆரம்பத்தில் சொன்ன சிக்கலுக்கு முதல் விடை இதுதான். தபால் பெட்டிக்கு முகம் கிடையாது. எழுதுகிறவர் யார் என்று பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. படிக்கிறவர் யார் என்று எழுதுகிறவருக்கும் தெரியாது. ஆனாலும் பதில் வரும். மனிதர்கள் மறைந்தே இருக்கலாம், வாசல் மட்டும் தெரிந்தால் போதும்.

வெள்ளம் வந்தது

1939 செப்டம்பரில் லிபர்ட்டி பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தது. சுமார் 800 கடிதங்கள். அக்டோபரில் கிளீவ்லாந்தின் பிளெயின் டீலர் நாளிதழில் எல்ரிக் டேவிஸ் என்ற நிருபர் ஒரு தொடரே எழுதினார். அந்த வருடம் மே மாதம்தான் கிளீவ்லாந்துக்காரர்கள் ஏக்ரனிலிருந்து பிரிந்து, ஏஏ என்ற பெயரில் முதல் குழுவை ஆரம்பித்திருந்தார்கள். மிகச் சிறிய குழு. அவர்கள் மேல் நூற்றுக்கணக்கான அழைப்புகள் வந்து விழுந்தன. ஆள் போதவில்லை. தானே குடியை விட்டுச் சில வாரங்களே ஆனவர்கூட, இன்னொருவர் வீட்டுக் கதவைத் தட்டப் போனார். புதியவர் ஒவ்வொருவருக்கும் பழையவர் ஒருவர் துணை என்ற ஏற்பாடு இங்கேதான் முறைப்பட்டது. மருத்துவமனைக்குப் போய்ப் பார்ப்பது முதல் கூட்டத்துக்குக் கூட்டி வருவது வரை அவர் பொறுப்பு.

1941 மார்ச் 1 அன்று சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் வார இதழில் ஜாக் அலெக்சாண்டரின் கட்டுரை வந்தது. அவர் இதற்கு முன் மோசடிக் கும்பல்களைத் துப்பறிந்து எழுதியவர். இதுவும் ஏதோ ஏமாற்று வேலை என்ற சந்தேகத்தோடுதான் வந்தார், நம்பிக்கையோடு திரும்பினார். கட்டுரைக்கு வந்த கடிதங்கள் 6,000-க்கும் மேல். வருட ஆரம்பத்தில் சுமார் 2,000-ஆக இருந்த உறுப்பினர் எண்ணிக்கை வருடக் கடைசியில் சுமார் 8,000.

கடிதங்களைப் பிரிப்பது பெரிய வேலையானது. குழு இருக்கும் ஊர் என்றால் கடிதம் அந்தக் குழுவுக்குப் போகும். இல்லாத ஊர் என்றால் பதிலும் புத்தகமும் போகும். வெளியூர் சுற்றும் விற்பனைப் பிரதிநிதிகள் இதில் பெரிய உதவி. கிளீவ்லாந்தைச் சேர்ந்த ஒருவர் தென் மாநிலங்களின் கடைகளுக்கு ஜன்னல் மறைப்புகள் விற்கப் போகிறவர். அந்தப் பக்கத்திலிருந்து கடிதம் எழுதியவர்களின் முகவரிகளை அவர் கையில் கொடுத்துவிடுவார்கள். பகலில் ஆர்டர் எடுப்பார், மாலையில் அந்தக் கதவுகளைத் தட்டுவார்.

யாரைச் சேர்ப்பது?

வாசல் தெரிந்துவிட்டது. அடுத்த கேள்வி, அதில் யார் நுழையலாம்? ஆரம்பத்தில் பயம் அதிகம். ஒவ்வொரு குழுவும் தன் இஷ்டத்துக்கு விதி போட்டது. ஒழுக்கம் கெட்டவர்கள் வேண்டாம், மனநோயாளிகள் வேண்டாம் என்று நீளமான பட்டியல்கள். ஒருமுறை தலைமை அலுவலகம் எல்லாக் குழுக்களின் சேர்க்கை விதிகளையும் வாங்கிப் பார்த்தது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அமல்படுத்தினால், ஏஏ-வில் யாருமே சேர்ந்திருக்க முடியாது என்று தெரிந்தது!

பெண்களுக்கு வாசல் இன்னும் குறுகல். குடிக்கிற பெண் என்ற பெயர் ஆணுக்கு வரும் அவமானத்தைவிடப் பல மடங்கு. மார்ட்டி மான் என்ற பெண் ஒரு மனநல விடுதியில் இருந்தபோது, புத்தகத்தின் கையெழுத்துப் பிரதியை மருத்துவர் ஹாரி டீபோ அவரிடம் கொடுத்தார். 1939-ல் கிளின்டன் தெரு வீட்டுக் கூட்டத்துக்கு அவர் வந்தார். உள்ளே நுழைய அவருக்கும் தயக்கம் இருந்தது. பிற்காலத்தில் குடி ஒரு நோய் என்று நாடு முழுக்கப் பிரசாரம் செய்தவர் அவரே. கறுப்பின மக்களுக்கு, அன்றைய நிறப் பாகுபாட்டுச் சூழலில், தனிக் குழுக்கள் வர வேண்டியிருந்தது. 1945-ல் வாஷிங்டனில் ஒரு கறுப்பின மருத்துவர் அப்படி ஒன்றைத் தொடங்கினார்.

1946-ல் வில்சன் பன்னிரண்டு மரபுகளை எழுதினார். 1950 ஜூலையில் கிளீவ்லாந்து மாநாட்டில் அவை ஏற்கப்பட்டன. மூன்றாவது மரபின் சாரம் இதுதான்: சேர ஒரே தகுதி, குடியை விட வேண்டும் என்ற ஆசை. கட்டணம் இல்லை, சிபாரிசு இல்லை, சாதி மதம் இல்லை. விட்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை, ஆசை போதும். பதினொன்றாவது மரபு ஜான் கஃப் கதைக்குப் பதில் மாதிரி இருக்கிறது. பத்திரிகை, வானொலி, சினிமா எதிலும் உறுப்பினர் தன் பெயரை வெளியிடக் கூடாது. விளம்பரத்தால் ஆள் சேர்ப்பதில்லை, ஈர்ப்பால் வருகிறவர்கள் வரட்டும். அதே வருடம் நவம்பரில் டாக்டர் பாப் இறந்தார்.

கவனித்தால் ஒன்று புரியும். ஏஏ மறைத்தது ஆளைத்தான், இடத்தை இல்லை. கூட்டம் எந்தக் கிழமை, எத்தனை மணி, எந்தத் தெரு என்பதை யார் வேண்டுமானாலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

கதவைத் தாண்டினால்

இன்று ஒருவர் முதல்முறை ஒரு கூட்டத்துக்குப் போனால் என்ன நடக்கும்? இடம் பெரும்பாலும் ஒரு தேவாலயத்தின் பக்கவாட்டு அறை, அல்லது பள்ளிக்கூட வகுப்பறை. வாடகைக்கு எடுத்த இடம்தான், அந்த மதத்தோடு சம்பந்தம் கிடையாது. கூட்டம் இரண்டு வகை. 'திறந்த கூட்டம்' என்றால் குடும்பத்தார், மாணவர், யார் வேண்டுமானாலும் வரலாம். 'மூடிய கூட்டம்' குடிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும்.

பதிவேடு இல்லை. முழுப் பெயர் கேட்க மாட்டார்கள். ஒருவர் நடத்துவார், ஒவ்வொருவராகத் தன் பெயரை மட்டும் சொல்லி, தான் ஒரு குடிநோயாளி என்று சொல்லிவிட்டுத் தன் கதையைச் சொல்வார். நடுவில் யாரும் குறுக்கிட்டு அறிவுரை சொல்வதில்லை. பேச விருப்பமில்லை என்றால் சும்மா உட்கார்ந்து கேட்கலாம். கடைசியில் செலவுக்கு ஒரு பை சுற்றி வரும், போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். போகும்போது யாராவது ஒருவர் தன் தொலைபேசி எண்ணைக் கொடுத்து, குடிக்கத் தோன்றினால் அதற்கு முன் கூப்பிடுங்கள் என்பார். மேஃப்ளவர் ஓட்டலின் தொலைபேசி இன்னும் வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

வீட்டாருக்கும் ஒரு வாசல் உண்டு. ஒருநாள் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று வில்சன் அவசரப்படுத்த, லோயிஸ் கையிலிருந்த செருப்பை வீசி எறிந்து, உங்கள் கூட்டமும் நீங்களும் என்று கத்தினாராம். கணவர் குடியை விட்ட பிறகும் தனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று யோசித்தவர், 1951-ல் குடும்பத்தினருக்காக அல்-அனான் அமைப்பைத் தோழி ஒருவருடன் தொடங்கினார். 1957-ல் பிள்ளைகளுக்காக அல்-அட்டீன் வந்தது. குடிப்பவர் வர மறுத்தாலும் வீட்டில் உள்ளவர் போகலாம். இது பலருக்குத் தெரியாத விஷயம்.

நம் பக்கம்

இந்தியாவில் ஏஏ 1957-ல் பம்பாயில் கால் ஊன்றியது. தமிழ்நாட்டின் கதையில் முக்கியமான பெயர் சாந்தி ரங்கநாதன். தொழிலதிபரும் மத்திய நிதியமைச்சருமாக இருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பேரன் ரங்கநாதன் அவருடைய கணவர். வசதி, படிப்பு எல்லாம் இருந்தும் குடிநோய் அவரை 1979-ல் இளம் வயதிலேயே கொண்டுபோனது. அப்படிப்பட்ட வீடுகளில் பொதுவாக இந்த விஷயத்தை மூடிவிடுவார்கள். சாந்தி மூடவில்லை. அமெரிக்காவில் பயிற்சி பெற்றுத் திரும்பி, 1980-ல் சென்னையில் கணவர் பெயரிலேயே டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கினார். 1989-ல் மஞ்சக்குடி கிராமத்தில் சிகிச்சை முகாம் ஆரம்பமானது. நகரத்து மருத்துவமனைக்கு வர முடியாதவர்களிடம் மருத்துவமனையே போனது. 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

இதே மாநிலம் மதுவைச் சட்டத்தால் அணுகிய கதை எல்லோருக்கும் தெரியும். 1937-ல் சேலத்தில் ராஜாஜியின் மதுவிலக்கு, 1971-ல் தளர்வு, 1983-ல் டாஸ்மாக், 2003 முதல் சில்லறை விற்பனையும் அரசிடம். கடை திறப்பதா மூடுவதா என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. ஆனால் நேற்றிரவு குடித்துவிட்டு இன்று காலை கை நடுங்க உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு அந்தச் சண்டையில் இடமில்லை. மதுக்கடை எங்கே என்று தெரு முனையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். குடியை விட்டவர்கள் கூடும் இடம் எங்கே என்று கேட்டால் எத்தனை பேருக்குத் தெரியும்?

பலன் உண்டா?

நியாயமான கேள்வி. ஏஏ-வில் கடவுள் பேச்சு அதிகம் என்று விலகியவர்கள் உண்டு. ஓரிரு கூட்டத்தோடு நின்றவர்களும் ஏராளம். 2006-ல் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, பலனுக்கு உறுதியான சான்று போதவில்லை என்றது. 2020-ல் அதே காக்ரேன் 27 ஆய்வுகளை, 10,565 பேரின் தகவல்களை ஆராய்ந்தது. இம்முறை முடிவு வேறு. முறையாக ஏஏ-வுடன் இணைத்துவிடும் சிகிச்சைகள், தொடர்ந்து குடிக்காமல் இருக்க வைப்பதில் மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட மேலாகவே இருந்தன. செலவும் குறைவு.

ஒரு எச்சரிக்கையும் அவசியம். பல வருடம் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அவர்களுக்கு முதலில் மருத்துவர், பிறகு கூட்டம். ஏக்ரனில் முதலில் மருத்துவமனைப் படுக்கை என்று வைத்ததிலும் இந்த நியாயம் இருந்தது.

இன்று சுமார் 180 நாடுகளில், ஏறத்தாழ 20 லட்சம் உறுப்பினர்கள் என்பது ஏஏ-வின் சொந்த மதிப்பீடு. பெயர்ப் பட்டியல் வைக்காத சங்கத்துக்கு மதிப்பீடுதான் சாத்தியம்! 2020-ல் கொரோனா ஊரடங்கில் அறைகள் பூட்டப்பட்டபோது கூட்டங்கள் கணினித் திரைக்கு மாறின. கேமராவை அணைத்துவிட்டு, பெயரின் முதல் எழுத்தை மட்டும் போட்டுக்கொண்டு உட்கார முடிந்தது. பெட்டி எண் 658-ன் புது வடிவம்.

இந்த வரலாறு கடைசியில் சொல்வது ஒரு எளிய விஷயம்தான். அவமானம் போன பிறகுதான் உதவி கேட்க முடியும் என்று காத்திருந்தால் அந்த நாள் வராது. அவமானத்தை வைத்துக்கொண்டே, பெயரைச் சொல்லாமலே கேட்கலாம் என்று ஒரு வழியை அந்த நாற்பது பேர் கண்டுபிடித்தார்கள். அன்று டாக்டர் பாப் பயந்துகொண்டு, எரிச்சலோடு, பதினைந்து நிமிடம்தான் என்று சொல்லிக்கொண்டுதான் வந்தார். யாருடைய வீட்டிலாவது யாராவது இப்போது அதையே சொல்லிக்கொண்டிருந்தால் பரவாயில்லை. பதினைந்து நிமிடம் போதும். போய் உட்காரட்டும்.